ரிசார்ட்டில் டின்னரா? வில்லியனூர், பாகூர் பக்கம் ஃபேமிலி ரெஸ்டாரண்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிஞ்சாச்சு, ஊரிலிருந்து தாத்தா பாட்டியும் வந்திருக்காங்க. 'எங்கேயாவது வெளியே போய் சாப்பிட்டு வரலாம்' என்று முடிவாகிறது. போனில் தேடினால் தென்னந்தோப்பு, விளக்குத் தோரணம், நீச்சல் குளம் என்று ஒரு ரிசார்ட் கண்ணில் படுகிறது. ஸ்டாரும் நாலரை. உடனே கிளம்பியாச்சு.

போய் இறங்கினால், "ஃபேமிலி ஹால் ஃபுல் சார், புல்வெளியில உட்காருங்க" என்கிறார்கள். பக்கத்து டேபிளில் மது பாட்டில், காதைப் பிளக்கும் பாட்டு. பாட்டி கேட்ட இட்லி இல்லை. சின்னவனுக்குக் காரம் இல்லாத எதுவும் இல்லை. மணி எட்டரை. வேறு கடைக்குப் போகலாம் என்றால் சுற்றிலும் வயல்வெளி.

இந்தச் சிக்கலில் மாட்டாமல் இருக்க, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும், பில்லில் எதைக் கவனிக்க வேண்டும், பிரச்சினை வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிராமப்புற ரிசார்ட்டுக்கு ஏன் தனிக் கவனம்?

புதுச்சேரி நகரத்தில் ஒரு ஹோட்டல் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவுக்கு நடந்துவிடலாம். கொம்யூன் பகுதிகளில் அந்த வசதி குறைவு.

நகரத்திலிருந்து விழுப்புரம் சாலையில் சுமார் 10 கி.மீ. போனால் வில்லியனூர். ஊசுட்டேரி, சங்கராபரணி ஆற்றங்கரை, திருக்காஞ்சி எல்லாம் இந்தப் பக்கம்தான். கடலூர் சாலையில் தெற்கே போனால் தவளக்குப்பம் தாண்டி பாகூர் கொம்யூன் வரும். சாலையின் மேற்கே பாகூர் ஏரியும் நெல் வயல்களும். கிழக்கே மணப்பட்டு, நரம்பை, பனித்திட்டு போன்ற கடலோர ஊர்கள்.

இந்த இடங்களின் அழகே ஒதுக்குப்புறமாக இருப்பதுதான். சிரமமும் அதுதான். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போய்விட்டால், இரவு எட்டு மணிக்கு மேல் பக்கத்தில் இன்னொரு நல்ல ஹோட்டல் கிடைப்பது கஷ்டம். அதனால் 'போய்ப் பார்த்துக்கலாம்' என்பது இங்கே சரிப்படாது. முடிவை வீட்டிலேயே, ஒரு போன் காலில் எடுத்துவிடுவது நல்லது.

நாலரை ஸ்டார் எதற்குக் கொடுத்தது?

மேப்பில் ரிசார்ட்டுக்கு இருக்கும் ஸ்டார், பெரும்பாலும் அங்கே தங்கியவர்கள் கொடுத்தது. அறை சுத்தம், நீச்சல் குளம், காலை டிபன் இதற்கெல்லாம் சேர்த்துக் கொடுத்த மார்க். இரவுச் சாப்பாடு எப்படி என்று அது சொல்லாது.

- ரிவ்யூக்களைப் 'புதியவை முதலில்' என்று வரிசைப்படுத்துங்க. சமையல் மாஸ்டர் மாறினால் ருசியும் மாறிவிடும். மூன்று வருஷத்துக்கு முந்தைய பாராட்டை நம்பிப் போக முடியாது.
- ரிவ்யூ தேடும் பெட்டியில் 'ஃபேமிலி', 'கிட்ஸ்', 'பார்', 'டாய்லெட்' என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்க. வேண்டிய விஷயம் நேராக வந்துவிடும்.
- ரிசார்ட் போட்ட படத்தை விட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் போட்ட படத்தைப் பாருங்க. முக்கியமாக, இரவில் எடுத்த படங்கள். வெளிச்சம் எவ்வளவு, டேபிள்கள் எவ்வளவு நெருக்கம் என்று அதில்தான் தெரியும்.

பார் எங்கே இருக்கு?

புதுச்சேரியில் ஃபேமிலியோடு போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தமிழ்நாட்டில் மதுபானச் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. புதுச்சேரியில் தனியார் உரிமம் பெற்று நடத்துகிறார்கள். பார் வசதியுடன் கூடிய ரெஸ்டாரண்ட், ரெஸ்டோ பார் என்று பல வகை உண்டு. வாசல் போர்டில் 'ரெஸ்டாரண்ட்' என்று மட்டும் இருந்தாலும், உள்ளே எல்லா டேபிளிலும் மது பரிமாறும் இடமாக இருக்கலாம்.

அதனால் "பார் இருக்கா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீங்க. பெரிய ரிசார்ட் பலவற்றில் பார் இருக்கத்தான் செய்யும். கேட்க வேண்டியது இப்படி:

"மது பரிமாறாத தனி டைனிங் ஹால் இருக்கா? அந்த ஹாலுக்கும் பாருக்கும் வழி தனியா? டாய்லெட் தனியா?"

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹால் தனியாக இருந்தும், டாய்லெட்டுக்குப் பாரைத் தாண்டித்தான் போகணும் என்றால், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது சங்கடம்தான்.

புகை விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. ரெஸ்டாரண்ட் பொது இடம். அங்கே புகைபிடிக்கக் கூடாது. 30 அல்லது அதற்கு மேல் இருக்கை உள்ள இடங்களில் மட்டும் புகைபிடிக்கத் தனிப் பகுதி வைத்துக்கொள்ளலாம். சாப்பிடும் ஹாலில் யாராவது பற்ற வைத்தால் மேனேஜரிடம் தயங்காமல் சொல்லுங்க.

வெளியாட்களுக்கு அனுமதி உண்டா? அன்னைக்கு கல்யாணம் இருக்கா?

சில ரிசார்ட்டுகளில் தங்குபவர்களுக்கு மட்டும்தான் சாப்பாடு. சில இடங்களில் உள்ளே நுழையவே ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். அந்தத் தொகை சாப்பாட்டு பில்லில் கழியுமா, பிள்ளைகளுக்கும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்க. 'வெளியிலிருந்து வருகிறோம், தங்கவில்லை' என்பதைப் போனிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது, நாள். முகூர்த்த நாளுக்கு முந்தைய சாயந்தரம் ரிசார்ட் புல்வெளியில் ரிசப்ஷன் நடந்தால், சமையலறை முழுக்க அதில்தான் இருக்கும். உங்கள் ஆர்டர் வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். காலண்டரில் முகூர்த்தம் பார்த்துவிட்டுப் போனால் இந்தத் தலைவலி இல்லை.

வெள்ளி இரவு முதல் ஞாயிறு வரை சென்னை, பெங்களூருவிலிருந்து வரும் கூட்டம் இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்குச் செவ்வாய், புதன் சாயந்தரம் நிதானமாகச் சாப்பிட ஏற்ற நேரம். வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர், ஈஸ்டருக்குப் பிறகு வில்லியனூர் லூர்து மாதா திருவிழா, மாசி மகத்தன்று திருக்காஞ்சி. இந்த நாட்களில் வில்லியனூர் வழியாகப் போகும் திட்டம் இருந்தால் கூட்டத்தையும் கணக்கில் வைங்க.

மூணு வயசுக்கும் எழுபது வயசுக்கும் ஒரே மெனுவா?

'ஃபேமிலி ரெஸ்டாரண்ட்' என்று போர்டு வைத்துவிட்டால் போதாது. மூன்று வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவரும் ஒரே டேபிளில் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தால்தான் அது ஃபேமிலி ரெஸ்டாரண்ட்.

பெரியவர்களுக்கு இட்லி, இடியாப்பம், தயிர் சாதம் போன்றவை இரவில் கிடைக்குமா? தந்தூரி, சைனீஸ் மட்டும் இருக்கும் மெனு அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சர்க்கரை நோயாளிகள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பதால், ஆர்டர் கொடுத்தால் எவ்வளவு நேரமாகும் என்பதும் முக்கியம். பிள்ளைகளுக்குக் காரம் குறைத்துச் செய்து தருவார்களா, குழந்தைகள் உட்காரும் உயர நாற்காலி இருக்கா என்று கேளுங்க.

வேர்க்கடலை, முந்திரி, இறால், நண்டு என்று யாருக்காவது அலர்ஜி இருந்தால், ஆர்டர் எடுப்பவரிடம் சொல்வதோடு விடாமல் சமையலறைக்கும் சொல்லச் சொல்லுங்க. கலோரி, அலர்ஜி விவரங்களை மெனுவில் போட வேண்டும் என்ற விதி, மத்திய உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கும் 10 அல்லது அதற்கு மேல் கிளை உள்ள நிறுவனங்களுக்கும்தான். சின்ன ரிசார்ட் மெனுவில் அதை எதிர்பார்க்க முடியாது. நாம்தான் கேட்க வேண்டும்.

கடலோரம் என்றால் மீன் ஃப்ரெஷ்ஷா?

எப்போதும் அப்படி இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சின்னப் படகுகள் கடலுக்குப் போகும் என்றாலும் வரத்து குறையும், விலை ஏறும். அந்தச் சமயத்தில் ஐஸில் வெளியூரிலிருந்து வந்த மீனாகவும் இருக்கலாம். பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில்தான் வருகிறது. "என்ன மீன் இருக்கு?" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்க. பதில் சொல்லத் தடுமாறினால் அன்றைக்குக் கோழியோ காய்கறியோ போதும்.

இன்னொரு விஷயம். மெனுவில் முழு மீன், நண்டு, சிங்கி இறால் பக்கத்தில் விலைக்குப் பதிலாக 'ஏ.பி.எஸ்.' என்று போட்டிருக்கும். சைஸைப் பொறுத்து விலை என்று அர்த்தம். சமைப்பதற்கு முன்பே மீனைக் காட்டச் சொல்லி, எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு உறுதி செய்யுங்க. சாப்பிட்டு முடித்த பிறகு பேரம் பேச முடியாது.

பில்லில் எது சரி, எது தப்பு?

*ஜிஎஸ்டி:* சாதாரண ரெஸ்டாரண்ட்டில் சாப்பாட்டுக்கு 5%. ரிசார்ட்டில் கதை கொஞ்சம் வேறு. முந்தைய நிதியாண்டில் ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு ₹7,500-க்கு மேல் வாடகை வசூலித்த ஹோட்டல், ரிசார்ட் என்றால், அதன் உள்ளே இருக்கும் ரெஸ்டாரண்ட்டுக்கு 18%. 2025 ஏப்ரல் 1 முதல் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். நீங்கள் அங்கே தங்காமல் வெறும் தோசை சாப்பிட்டாலும் அதே 18%தான். எனவே ரேட் கேட்கும்போது "டேக்ஸ் அஞ்சா, பதினெட்டா?" என்றும் கேளுங்க.

தொகுப்புத் திட்டத்தில் இருக்கும் சின்ன ஹோட்டல்கள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரிதான்.

*சர்வீஸ் சார்ஜ்:* இது வரி இல்லை. ஹோட்டல் தானாகப் போடும் தொகை. கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் தொடர்ந்த வழக்கில், 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். வேறு பெயரில் போட்டாலும் இதே விதிதான். டிப்ஸ் கொடுப்பது உங்கள் விருப்பம்.

*தண்ணீர் பாட்டில்:* பலரும் தப்பாக நினைப்பது இதைத்தான். ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது, தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பி-யை விட அதிகம் வாங்குவது குற்றம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. அங்கே இடம், பரிமாறுதல் என்று சேவையும் சேர்கிறது என்பது காரணம். அதனால் இதற்காகச் சண்டை போட்டுப் பலன் இல்லை. உட்கார்ந்ததுமே 'பாட்டில் வேண்டாம், ஜக்குல தண்ணி கொடுங்க' என்று சொல்லிவிடலாம்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று ஒரு உதாரணக் கணக்கு. ஆறு பேர் ₹2,400-க்குச் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம்.

- 5% ஜிஎஸ்டி மட்டும்: ₹2,520
- 18% ஜிஎஸ்டி மட்டும்: ₹2,832
- 10% சர்வீஸ் சார்ஜ் சேர்த்து, அதன் மேல் 18% ஜிஎஸ்டி: சுமார் ₹3,115

ஒரே சாப்பாடு, வித்தியாசம் கிட்டத்தட்ட ₹600. மாசத்துக்கு ஒருமுறை வெளியே சாப்பிடும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

*உரிம எண்:* எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் 2022 ஜனவரி 1 முதல் பில்லில் கட்டாயம். பில்லை வாங்கியதும் அது இருக்கா என்று பாருங்க. பின்னால் புகார் கொடுக்க வேண்டி வந்தால் அந்த எண் கைகொடுக்கும்.

இருட்டு, தண்ணீர், பிள்ளைகள்

நம்முடையது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலில் மறையாது. கடல் பக்கம் சீக்கிரமே இருட்டிவிடும், அதுவும் நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே. பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்றால் ஐந்து மணிக்குள் போய்ச் சேருங்க. இருட்டிய பிறகு அலையில் இறங்க விடாதீங்க. பௌர்ணமி சாயந்தரம் போனால் நிலா கடலிலிருந்து மேலே வருவதைப் பார்க்கலாம். அதைக் கரையில் உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

நீச்சல் குளத்தின் பக்கத்தில் டேபிள் கொடுத்தால், குளத்துக்குத் தடுப்பு இருக்கா, ஆள் நிற்கிறாரா என்று பாருங்க. இரண்டும் இல்லையென்றால் டேபிளை மாற்றச் சொல்லுங்க. பெரியவர்கள் பில் பார்க்கிற அந்த இரண்டு நிமிஷம் போதும், சின்னப் பிள்ளை நழுவிப் போக.

ஏரி, வயல் பக்கத்தில் சாயந்தரம் கொசுவும் பூச்சியும் வரும். கைக்குழந்தை இருந்தால் உள்ளே ஃபேன் இருக்கும் ஹால்தான் சரி. முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு மணல் பாதை, படிக்கட்டு, வெஸ்டர்ன் டாய்லெட் பற்றி முதலிலேயே விசாரிங்க. பாட்டுச் சத்தத்துக்கும் விதி இருக்கு. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

மழைக்காலம் என்றால் வானிலை எச்சரிக்கை பார்க்காமல் கிளம்பாதீங்க. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எப்படித் திரும்பி வரப் போறீங்க?

கடலூர் சாலையிலும் விழுப்புரம் சாலையிலும் பஸ் கிடைக்கும். ஆனால் ரிசார்ட்டிலிருந்து மெயின் ரோடு வரை வருவதுதான் சிக்கல். உள்ளூர் ஆட்டோவில் போனால், திரும்பி அழைத்துவர அவரையே நேரம் சொல்லிப் பேசி வைத்துக்கொள்ளுங்க. டூ வீலரில் பிள்ளைகளோடு போகிறவர்கள், தெருவிளக்கு இல்லாத உள்சாலைகளை யோசித்து எட்டரைக்குள் கிளம்பிவிடுவது நல்லது.

வண்டி ஓட்டுபவர் மது அருந்தக் கூடாது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.-க்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் முறைக்கே ₹10,000 வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தை விடுங்க, பின்சீட்டில் இருப்பது நம் பிள்ளைகள்.

அவசரம் என்றால் 108. பாகூர் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும், வில்லியனூர் பக்கம் அரியூரிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

கிளம்பும் முன் போனில் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

இதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைச்சுக்கலாம்.

1. தங்காதவர்களும் சாப்பிட வரலாமா? நுழைவுக் கட்டணம் உண்டா?
2. இன்னைக்கு ரிசப்ஷன், பார்ட்டி ஏதாவது இருக்கா?
3. மது பரிமாறாத தனி ஹால் இருக்கா? டாய்லெட் தனியா?
4. கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?
5. பஃபேயா, தனித்தனி ஆர்டரா? பஃபே என்றால் எத்தனை வயது வரை பிள்ளைகளுக்கு அரை ரேட்?
6. இட்லி, தயிர் சாதம், காரமில்லாத ஐட்டம் இருக்கா?
7. ஜிஎஸ்டி எவ்வளவு? சர்வீஸ் சார்ஜ் போடுவீங்களா?
8. பெரியவங்க படி ஏறாம டேபிள் வரை வர முடியுமா?

பதில் சொன்னவரின் பெயரைக் கேட்டு வைங்க. டேபிள் புக் செய்தால் நேரத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சொல்லி, 'தனி ஹாலில்தான் வேண்டும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்க. பிறகு 'யார் சொன்னது?' என்ற பேச்சே வராது.

பிரச்சினை வந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் மேனேஜரிடம் நிதானமாகச் சொல்லுங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால்:

- சர்வீஸ் சார்ஜ், பில் குளறுபடி: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
- கெட்டுப்போன உணவு, சுகாதாரக் குறைவு: எஃப்எஸ்எஸ்ஏஐ இலவச எண் 1800-11-2100, அல்லது 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' ஆப். போட்டோவும் பில்லும் கையில் இருக்கட்டும்.
- நஷ்டஈடு கேட்க: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

இவ்வளவும் கேட்டால் ரிசார்ட்காரர் என்ன நினைப்பார் என்று கூச்சப்பட வேண்டாம். குடும்பங்களை வரவேற்கிற இடம் இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும். எரிச்சலோடு பதில் வந்தால், ₹3,000 செலவும் ஒரு சாயந்தரமும் மிச்சம் என்று நினைத்து அடுத்த நம்பரைப் போடுங்க.